முதலில் எர்த்து, அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு

கேமிங் கணினி அசெம்பிள் செய்யப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிராபிக்ஸ் கார்டு?" வேலூர்க்காரர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த்து வேலை செய்கிறதா? சித்திரை மாதம் மத்தியானம் அந்த அறைக்குள் எத்தனை டிகிரி இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு கார்டைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

யூடியூபில் பார்க்கும் பாகப் பட்டியல்கள் பலவும் ஏசி ஓடும் அறையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. கரண்ட் 230 வோல்ட்டில் ஆடாமல் அசையாமல் வரும் என்பதும் அதில் அடக்கம். நான் இருப்பது சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தை ஒட்டிய பழைய வீட்டில். என் அறை மாடியில் இருக்கிறது, ஏசி கிடையாது. பாறையும் தளமும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து, பதினோரு மணி வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் செய்தியே இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், எனக்கென்று கிடைப்பது அந்த ராத்திரி நேரம்தான். அந்த நேரத்தில், அந்த அறையில், மூச்சு வாங்காமல் ஓடுகிற கணினி எனக்கு வேண்டும். 2024 கோடையில் அதைக் கட்டினேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கட்டிய முறையை எழுதச் சொல்லி ஆபீஸில் ரெண்டு மூன்று பேர் கேட்டதால் இந்தப் பதிவு.

எர்த்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. வெறுங்காலோடு நின்று கேபினட்டின் பின்பக்கத் தகட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். ஷாக் என்று சொல்ல முடியாது, எறும்பு ஊருகிற அளவுக்கு ஒரு கூச்சம். எல்லா கணினியிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள். எர்த்து ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த்து அறுந்திருந்தால் போக வழியில்லாமல் கேபினட் தகடு முழுவதும் 230-இல் பாதி, அதாவது 110, 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே தகட்டில்தான் மதர்போர்டு உட்கார்ந்திருக்கிறது. அதில்தான் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாம் சொருகுகிறோம். பவர் சப்ளைக்குள் நிஜமாகவே ஏதாவது ஷார்ட் ஆனால் அந்தத் தகட்டைத் தொடுகிறவர் கதி என்ன?

என் நைனா முப்பது வருடத்துக்கு மேல் வயர்மேன் வேலை பார்த்தவர். புதுக் கணினி வாங்கப்போகிறேன் என்றதும் அவர் விலையைக் கேட்கவில்லை, மாடிக்கு டெஸ்ட் லேம்ப்போடு ஏறினார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான் அந்தக் கருவி. ஒரு முனையை பேஸிலும் ஒரு முனையை நியூட்ரலிலும் வைத்தார், பளீரென்று எரிந்தது. நியூட்ரல் முனையை எடுத்து மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் வைத்தார். பல்பு துளிகூட எரியவில்லை.

"இன்னாம்மா இது, இந்த ஊட்ல எர்த்து செத்து எத்தினி வருசம் ஆவுதோ தெரிலியே" என்றார்.

"மூணு பின் இருக்குதே நைனா?"

"பின்னு இருந்தா போதுமா? அதுக்குப் பின்னாடி கம்பி வோணாவா?"

கம்பியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனோம். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த்து பைப் மண்ணுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. கிளாம்ப் துருப்பிடித்து விரலால் தொட்டதும் உதிர்ந்தது. கம்பி அதை விட்டு எப்போதோ தனியாகப் போயிருந்தது. நைனா பைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது கிளாம்ப் மாட்டி, மெயின் போர்டு வரைக்கும் புதுச் செம்புக் கம்பி இழுத்தார். குழியைக் கிளறி கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். இங்கே ரெண்டடி தோண்டினால் பாறைக்கல் தட்டுகிறது. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து போனால் எர்த்தும் பலவீனமாகிவிடும். அதனால் கோடையில் வாரம் ஒரு முறை குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கம். மறுபடி பல்பை வைத்தபோது பேஸ்-நியூட்ரலில் எரிந்த அதே பிரகாசத்தில் எரிந்தது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்குப் பக்கம் காட்டியது. இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இந்த வேலைகளைத் தெரிந்த வயர்மேனை வைத்து மட்டும் செய்யுங்கள். அதற்காகும் செலவு, கலர் விளக்கு எரிகிற ஒரு ஆர்ஜிபி ஃபேன் செட் விலைகூட வராது.

சரி, அடுத்தது பவர் சப்ளை. கடையில் எல்லோரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டையும் 80 பிளஸ் பேட்ஜையும்தான் பார்க்கிறார்கள். பேட்ஜ் சொல்வது திறன் மட்டும், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பது. பாதிச் சுமையில் ப்ரான்ஸ் (வெண்கலம்) பேட்ஜ் ஏறக்குறைய 85 சதவீதம், கோல்டு (தங்கம்) பேட்ஜ் 90 சதவீதம். 250 வாட் இழுக்கும் கணினியில் அந்த வித்தியாசம் 16 வாட்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் உள்வரும் வோல்டேஜ். சில மாடல்களில் 200-240 என்றிருக்கும். சிலவற்றில் 100-240 என்றிருக்கும். மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் இருக்கிற எல்லா ஏசியும் ஓடும்போது எங்கள் பிளக்கில் மீட்டர் 185 காட்டியிருக்கிறது. 200-இல் தொடங்குகிற யூனிட் அந்த நேரத்தில் தன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 100-இல் தொடங்குவதற்கு 185 ஒரு பொருட்டே இல்லை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைநூறு ரூபாய்க்குள்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். முழு வாட்டையும் எத்தனை டிகிரி வரைக்கும் தருவேன் என்று தயாரிப்பாளர் தன் தளத்தில் போட்டிருப்பார். நல்ல யூனிட்டுகள் 50 டிகிரி என்று சொல்லும், சுமாரானவை 40. அறையே 38 இருக்கும்போது கேபினட்டுக்குள் 40 என்பது தொடக்கம்தான். அதனால் 50 டிகிரி, 100-240 வோல்ட், கோல்டு, 650 வாட் என்று நான்கும் சேர்ந்து வருகிற ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். என் கார்டுக்கு அதன் சிப்பைச் செய்கிற என்விடியா சொல்வது 550 வாட் தான். மிச்சம் பின்னாளுக்கு.

இன்வெர்ட்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பாதிக்கு மேல் இன்வெர்ட்டர் இருக்கிறது, "அதான் பேக்கப் இருக்கே" என்று நினைத்துக்கொள்கிறோம். கரண்ட் போனால் கணினியின் பவர் சப்ளை தன்னிடம் இருக்கிற மிச்ச சக்தியை வைத்து 16, 17 மில்லி வினாடி தாங்க வேண்டும் என்பது, கணினி பவர் சப்ளைகளுக்கான பொது அளவுகோலான ஏடிஎக்ஸ் விதி. இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட்டால் கணினிக்குக் கரண்ட் போனதே தெரியாது. பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: நார்மல், யுபிஎஸ். நார்மலில் வைத்தால் மாறுவதற்கு 40 மில்லி வினாடிகூட ஆகலாம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் சுமார் 10-இல் மாறும். ஆனால் பழைய சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் அதில் கணினியை ஓட்டாதீர்கள். இப்போது வரும் பவர் சப்ளைகளில் கரண்டைச் சீராக இழுக்கவைக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்கு அந்த அலை பல நேரம் ஒத்துவராது. நான் கணினிக்கென்று தனியாக 1100 விஏ யுபிஎஸ் வைத்திருக்கிறேன். சின்ன 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான், கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்தால் நெருக்கம். பேக்கப்பில் விளையாடுவதற்காக இதை வாங்கவில்லை. சேவ் செய்து ஒழுங்காக ஷட்டவுன் செய்ய ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். தெருவில் நியூட்ரல் கட்டானால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 பக்கம் வரக்கூடும், அதற்கு ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றாது. வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கிற புரொடெக்டர் ஒன்றை நைனா மெயினிலேயே போட்டுவிட்டார்.

இனி சூடு. கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கார்டுகளைப் பார்த்தால் பட்டியலே மாறிவிடும். நான் வாங்கிய நேரத்தில் என் பட்ஜெட்டுக்குள் மூன்று இருந்தன. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி, 170 வாட். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600, 8 ஜிபி, 165 வாட். ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 115 வாட். மெமரிக்காக 3060-ஐ எடு என்று சொன்னவர்கள் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. 8 ஜிபி சில புது கேம்களுக்கு இப்போதே இறுக்கமாக இருக்கிறது, டெக்ஸ்சரை, அதாவது படத்தின் நுணுக்கத்தை, கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் நான் 4060 எடுத்தேன். 50 வாட் வித்தியாசம் என்பது குளிர்ந்த ஊரில் கணக்கிலேயே வராது. மாடி அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விளையாடும்போது அந்த 50 வாட்டை நான் உடம்பால் உணர்கிறேன். தலைக்கு மேல் சுற்றுகிற பழைய சீலிங் ஃபேன் இழுப்பதே 75 வாட்தான்.

பிராசஸரும் இதே கணக்கில்தான். ரைசன் 5 7600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். இதன் அண்ணன் 7600எக்ஸ் 105 வாட், கேமில் தருகிற கூடுதல் வேகமோ கொஞ்சம்தான். ரைசன் 7600-ஓடு பெட்டியிலேயே ஒரு சின்னக் கூலர் தருகிறார்கள். மற்ற ஊரில் அது போதும். இங்கே அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நாலு ஹீட் பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டீப்கூல் ஏஜி400 வாங்கினேன். தண்ணீர்க் கூலர் வேண்டாமா என்று கேட்பார்கள். தண்ணீராக இருந்தாலும் காற்றாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதுவும் போக முடியாது. பம்ப் கெட்டால் மாற்ற சென்னைக்கு அனுப்ப வேண்டும், ஃபேன் கெட்டால் நானே மாற்றிவிடுவேன்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி போட்டவை அழகாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஃபேன் காற்றை எங்கிருந்து இழுக்கும்? முன்னால் முழுவதும் வலை போட்டது, முன்பக்கம் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாமல், ஃபில்டர் வழியாக மட்டும் காற்று வரும். நம் ஊர்ப் புழுதிக்கு இது அவசியம். கணினி மேஜைக்குள் மரப்பெட்டி போல ஓர் அறை செய்து, அதற்குள் கேபினட்டை வைத்துக் கதவு சாத்துகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எங்கே வாங்குவது? பாதி ஆன்லைனில், பாதி சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில். காட்பாடியில் காலை வண்டி ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. மதர்போர்டை நேரில் வாங்குவது நல்லது என்று நினைக்கிறேன். என் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்களும் போர்டில்தான் இருக்கின்றன, பிராசஸரில் கிடையாது. ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி பேசுவது கஷ்டம். கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே திசையில் ஒரே மாதிரி மின்னும். ஒன்று மட்டும் மின்னாமலோ தனியாக மின்னினாலோ வேறு போர்டு கேளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். "பில் இல்லாம ரேட் போட்டுத் தரேன்" என்பவர் தருகிற தள்ளுபடி, கார்டு கெட்டுப்போகும் நாளில் கணக்கு தீர்த்துக்கொள்ளும்.

பழைய கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கிராபிக்ஸ் கார்டால் அதைத் தோண்டுவது நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட்ஸ் சந்தைக்கு வந்தன. இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஃபேனும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும் களைத்துப்போன கார்டு, 25 டிகிரியில் நன்றாக ஓடிக் காட்டி, வேலூரில் மே மாதம் மூச்சுத் திணறும். அரை மணி நேரம் சுமை கொடுத்துப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

இதைவிட எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. கூட வேலை பார்க்கும் அக்காவின் பையன் பாலிடெக்னிக் சேர்ந்தான். ஒரு கடையில் "ஐ7 கேமிங் பிசி" என்று எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை அந்த அக்கா என்னிடம் காட்டினார். ஐ7 தான், ஆனால் ஐ7 2600. 2011-இல் வந்தது. அதோடு பெயர் தெரியாத போர்டு ஒன்று, கேமுக்கு உதவாத ஒரு ஜிடி 730 கார்டு, கண்ணைப் பறிக்கும் விளக்குகள். இதற்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. பையன் விளையாட ஆசைப்பட்ட வாலரண்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கிற கேம். ஐ3, ஐ5, ஐ7 என்பது தரவரிசை மட்டும். அதற்குப் பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று சொல்லும். 2022-இல் வந்த ஐ5 12400எஃப், அந்த பழைய ஐ7-ஐ வேகத்தில் எளிதாகத் தாண்டிவிடும். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாது என்று நம்பி வருகிற அம்மாவிடம் இப்படி விற்கக் கூடாது. அந்தப் பையனுக்கு 12400எஃப்-இல் வேறு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். "எஃப்" என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் படம் வராது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

பாகங்கள் எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உட்கார்ந்தோம். வேர்வை போர்டில் சொட்டக் கூடாது என்பதற்காக அந்த நேரம். கத்திரியில் காற்று வறண்டு கிடப்பதால் நிலைமின்சாரம் அதிகம், அதனால் நைலான், பாலியஸ்டர் எதுவும் உடுத்தாமல் பருத்தி நைட்டி, வெறுங்கால். பவர் சப்ளையைக் கேபினட்டில் முதலில் பொருத்தி, பிளக்கில் சொருகி, சுவிட்சை மட்டும் ஆஃப் செய்து வைத்தேன். எர்த்து உயிரோடு இருப்பதால் அந்தத் தகட்டை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் உடம்பில் சேர்ந்தது போய்விடும்.

பிராசஸரை வைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மூலையில் ஒரு தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் அதே அடையாளம். இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து, அழுத்தாமல் படுக்கவைத்து விட்டாலே போதும். லீவரை இறக்கும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நல்ல பலம் கொடுத்து அழுத்த வேண்டும், பாதியில் கருப்பு பிளாஸ்டிக் மூடி 'டப்' என்று தானாகத் தெறிக்கும். அது அப்படித்தான். ராம் எனும் மெமரிப் பட்டைகள் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் சொருக வேண்டும். போர்டின் மேல் இடது மூலையில் போகும் எட்டு பின் பிராசஸர் கேபிளை, கூலர் மாட்டுவதற்கு முன்பே வளைத்துக் கொண்டுவந்துவிடுங்கள், பிறகு விரல் போகாது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று நைனாவைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, உரித்த தாளைக் கையில் எடுத்துக் காட்டினார். ஸ்க்ரூக்களை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவதை மட்டும் அவரே செய்தார். மோட்டார் மாட்டிப் பழகின கை.

முதல் முறை ஆன் செய்ததும் ஃபேன்கள் சுற்றின, திரை கருப்பாகவே நின்றது. போர்டின் ஓரத்தில், மெமரியைக் குறிக்கும் DRAM என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"கரண்டு வருது, படம் வரலியேம்மா" என்று நைனா சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"இரு நைனா, ஆஃப் பண்ணாத. மெமரி டிரெயினிங் ஆவுது."

டிடிஆர்5 ராமை முதல் தடவை போடும்போது, எந்த நேரக் கணக்கில் பேசினால் பிழையில்லாமல் வரும் என்று போர்டு தானாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். சில நிமிடம் ஆகும். இந்தக் கருப்புத் திரையைப் பார்த்துப் பயந்து, ஆஃப் செய்து, ராமைக் கழற்றி மாட்டி, போர்டு போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நாங்கள் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் விளக்கு அணைந்து, போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்தது. அந்தத் திரையைப் பார்த்ததும் நைனா எழுந்து நின்றுவிட்டார். வீடு வீடாக ஒயரிங் செய்து கொடுத்தவருக்கு, தன் மகள் ஒயர் மாட்டி ஒன்று உயிர் பெற்று எழுந்ததைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

பயாஸில் முதல் வேலை, ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்வது. 6000 என்று எழுதிய ராம், அதை ஆன் செய்யும்வரை 4800 போன்ற வேகத்தில்தான் ஓடும். பிறகு கோடைக்கென்று இரண்டு மாற்றம். பிராசஸரில் ஈகோ மோட், 65 வாட் வகையை 45 வாட் வகையாக்கும். கார்டில், ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்குவது. கேமில் குறைவது சில எஃப்பிஎஸ்தான் (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு), கண்ணுக்குத் தெரியாது. மேஜையில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். தை மாதம் அறை 25 இருக்கும்போது முழுச் சுமையில் கார்டு 66-இல் நின்றது. மே மாதம் அறை 36, கார்டு 77. அறை ஏறுகிற அளவே கார்டும் ஏறுகிறது. 25 டிகிரியிலேயே 80-ஐத் தொடுகிற கேபினட்டாக இருந்திருந்தால், மே மாதத்தில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும். சைபர்பங்க் 2077-ஐ 1080பி-யில், ஹை செட்டிங்கில், டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கிக் கார்டின் சுமையைக் குறைக்கும் வசதி) போட்டு, கத்திரியிலும் 60-க்குக் குறையாமல் ஓட்டுகிறேன். மழைச் சாலையில் நியான் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற அந்த நகரத்தில் ஒரு மணி நேரம் சும்மா சுற்றிவருவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வாரத்தில் எனக்கு மருந்து.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு தடவை முன்வலை ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துவேன். பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன், மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் பிளோயர் அடிப்பேன். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றடித்துச் சுற்றவிடக் கூடாது.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போக ஆரம்பித்ததும் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததை நிறுத்துவதாக, மெமரி சிப் செய்கிற மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. இப்போது கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, 32 ஜிபிக்குப் பதில் 16 ஜிபியோடு ஆரம்பியுங்கள். விலை ஏற்றத்தை ஈடுகட்ட பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதீர்கள். ராமைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

என்னிடம் இருக்கும் போர்டு அப்படியே இருக்கட்டும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் பிராசஸர் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. கார்டை மாற்றும் காலம் வந்தால் ஆர்டிஎக்ஸ் 5060 போல 145, 150 வாட்டுக்குள் இருப்பதைத்தான் பார்ப்பேன். அதற்கு மேல் போவதென்றால் முதலில் தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். மாசியில் அடிக்க நைனா ஆள் சொல்லி வைத்திருக்கிறார்.